பேண்ட்சா: 40 ஆண்டுகள் காத்திருந்த ஓர் ஒட்டு

இரண்டு சக்கரங்கள், அவற்றைச் சுற்றி முடிவில்லாமல் ஓடும் பல் வைத்த எஃகுப் பட்டை, நடுவில் ஒரு மேசை. பேண்ட்சா என்றால் அவ்வளவுதான். இந்த யோசனைக்கு இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் 1808-09 வாக்கிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஸ்டாக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் இடையே ரயில் ஓட ஆரம்பித்தது 1825-ல். அதற்கும் 15 வருடத்துக்கு மேல் முந்தைய யோசனை இது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து எல்ஸ்வொர்த் ஊரைச் சேர்ந்த பெஞ்சமின் பார்க்கர் 1836 ஜனவரியில் இதே வகை ரம்பத்துக்கு அந்த நாட்டின் முதல் காப்புரிமையை வாங்கினார். ஆனாலும் 1840கள் வரைக்கும் மரம் அறுக்கிறவர்கள் இதை நம்பித் தொழில் செய்ய முடியவில்லை.

யோசனை இருந்தது, சக்கரம் இருந்தது, நீராவி எஞ்சின் இருந்தது. அப்புறம் என்னதான் தடுத்தது?

இந்தக் கேள்விக்குள் நான் போனதற்கு ஒரு காரணம் உண்டு. கோயம்புத்தூரில் நாங்கள் 20 பேர் சேர்ந்து ஒரு பழைய ஷெட்டை வாடகைக்கு எடுத்துப் பொதுப் பட்டறையாக வைத்திருக்கிறோம். கல்லூரிப் பையன்கள், ரிட்டயர் ஆனவர்கள், என்னைப் போல ஐடி வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் கலந்த கூட்டம். அடுத்து ஒரு பேண்ட்சா வாங்கலாமா என்ற பேச்சு வந்தது. கோட் எழுதும் வேலையில் 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு பொருளை வாங்கும் முன் அது ஏன் இப்படி இருக்கிறது என்று தோண்டிப் பார்ப்பது பழகிப்போன குணம். தோண்டியதில் கிடைத்தது விலைப்பட்டியலைவிடச் சுவாரஸ்யமாக இருந்தது. இன்றைக்கு ஒரு பேண்ட்சாவில் இருக்கும் ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு பழைய தோல்விக்குச் சொன்ன பதில். அந்தத் தோல்விகளைத் தெரிந்துகொண்டால் எதைப் பார்த்து வாங்குவது, எதற்குப் பயப்படுவது என்பது தானாகவே விளங்கும்.

ஒரு மணி நேரத்தில் 45,000 முறை

தடுத்தது பிளேடு. இன்னும் சரியாகச் சொன்னால், பிளேடின் இரு முனைகளையும் சேர்க்கும் ஒட்டு.

கை ரம்பம் வளைய வேண்டிய அவசியமே இல்லை. வட்ட ரம்பமும் வளையாது. ஆனால் பேண்ட்சாவின் பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வளைந்து இரண்டு முறை நிமிர வேண்டும். எங்கள் மாதிரிப் பட்டறைகளில் வைக்கிற 14 அங்குல மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். 14 அங்குலம் என்பது சக்கரத்தின் விட்டம். அதற்கான பிளேடின் சுற்றளவு ஏறக்குறைய 2.4 மீட்டர். மரம் அறுக்கும்போது பிளேடு நிமிடத்துக்குச் சுமார் 900 மீட்டர் ஓடும். வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 375 சுற்று. சுற்றுக்கு இரண்டு வளைவு என்றால் 750. ஒரு மணி நேரம் ஓட்டினால் பிளேடின் ஒவ்வொரு பகுதியும் 45,000 முறை வளைந்து நிமிர்ந்திருக்கும்.

ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி உடைப்போம் இல்லையா, அதே சமாச்சாரம்தான். வளைவு லேசாக இருந்தால் பல லட்சம் முறை தாங்கும். கொஞ்சம் கடுமையானால் சீக்கிரம் விரிசல் விடும். எவ்வளவு கடுமை என்பதற்குக் கணக்கு எளிது: பிளேடின் கனத்தைச் சக்கரத்தின் விட்டத்தால் வகுத்தால் போதும், அதன் மேற்பரப்பு எந்த விகிதத்தில் இழுபடுகிறது என்பது கிடைத்துவிடும். பிளேடின் கனம் சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குமேல் போகக்கூடாது என்று தொழிலில் ஒரு பழைய விதி இருக்கிறது. 14 அங்குலச் சக்கரம் என்றால் 0.36 மில்லிமீட்டர். நடைமுறையில் 0.5, 0.6 மில்லிமீட்டர் பிளேடுகளையும் மாட்டுகிறார்கள். ஆயுள் அதற்கேற்பக் குறையும். கனமான பிளேடு என்றால் உறுதி என்று நினைப்போம். சின்னச் சக்கரத்தில் அது சீக்கிரம் அறுந்துபோகும் பிளேடு.

நியூபெரி காலத்து எஃகு இந்த வளைவைத் தாங்கவில்லை. எஃகு தாங்கினால் ஒட்டு தாங்கவில்லை. பட்டையின் இரு முனைகளைச் சூடுபடுத்தி ஒட்டும்போது அந்த இடத்தின் பதம் மாறிவிடும். அதிகம் கெட்டியானால் நொறுங்கும். அதிகம் இளகினால் நீளும். ஒட்டு கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் அந்த இடம் சக்கரத்தில் ஒழுங்காகப் படியாது.

க்ரெபேன் என்ற பெண்மணி

1846-ல் பிரான்சில் ஆன் போலேன் க்ரெபேன் என்ற பெண்மணி, பட்டை ரம்பத்தின் முனைகளை ஒட்டும் ஒரு முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கொஞ்ச காலத்திலேயே அதைப் பயன்படுத்தும் உரிமையை பாரிசின் பெரேன் கம்பெனிக்கு விற்றார். பெரேன் அந்த ஒட்டு முறையோடு நல்ல எஃகையும் பதப்படுத்தும் நுட்பத்தையும் சேர்த்தபோதுதான், நம்பி ஓட்டக்கூடிய முதல் பேண்ட்சா பிளேடு பிறந்தது. யோசனைக்கும் பிளேடுக்கும் நடுவே கிட்டத்தட்ட 40 வருடம்.

வரலாற்றில் நியூபெரியின் பெயர் முதல் வரியில் வரும். க்ரெபேனின் பெயர், வந்தால், மூன்றாவது வரியில் வரும். என்னைக் கேட்டால் வரிசை மாறியிருக்க வேண்டும். சுற்றி ஓடும் ரம்பத்தை நினைத்துப் பார்ப்பது பெரிய காரியம் இல்லை. நீர்ச் சக்கரத்தையும் வார்ப்பட்டையையும் பார்த்த எவருக்கும் அது தோன்றியிருக்கும். அறுந்துபோகாத ஒட்டுதான் கடினமான பகுதி. மென்பொருளிலும் இதே கதைதான்: டெமோ காட்டுவது சுலபம், மூன்று வருடம் விழாமல் ஓடுவது வேறு வேலை.

அந்தக் காலத்தில் வழக்கமாக இருந்த ஒட்டு இப்படி: பட்டையின் இரு முனைகளையும் அரத்தால் சாய்வாக ராவி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, நடுவில் வெள்ளி அல்லது பித்தளைப் பற்று உருக்கி இணைப்பது. இன்றைக்கு முனைக்கு முனை வைத்து அழுத்தி, மின்சாரம் பாய்ச்சி ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டியதும் அந்த இடம் சட்டென்று குளிர்ந்து கண்ணாடி மாதிரி நொறுங்கும் பதத்துக்குப் போய்விடும். அதனால் மறுபடி மிதமாகச் சூடாக்கி மெதுவாக ஆறவிட வேண்டும். பிறகு புடைப்பைத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும்.

மரவாடியில் பல வருடம் ரம்பம் ஒட்டிய பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "ஏனுங்கய்யா, ஒட்டு எப்ப விடுமுங்க?" சிரித்தார். "ஒட்டு விடாது தம்பி. ஒட்டுக்குப் பக்கத்துல, விரலகலத்துல, அங்கதான் விடும்." உலோகவியல் பாடம் சொல்வதும் அதுதான். உருகி இணைந்த இடத்தைவிட, உருகாமல் சூடு மட்டும் பட்ட பக்கத்துப் பகுதிதான் பலவீனமானது.

மரத்தூள் கணக்கு

பிளேடு கிடைத்த பிறகு பேண்ட்சா பரவியதற்குக் காரணம் காசு.

19-ம் நூற்றாண்டு அமெரிக்காவின் பெரிய மரமில்களை ஆண்டது வட்ட ரம்பம். பெரிய தடியை அறுக்கப் பெரிய வட்டு வேண்டும். பெரிய வட்டு ஆடாமல் சுழலக் கனம் வேண்டும். அதனால் ஒவ்வொரு அறுப்பிலும் கால் அங்குலமோ அதற்கு மேலோ மரம் தூளாகப் போனது. ஒரு அங்குலப் பலகை அறுக்கிறோம் என்றால், நான்கு பலகைக்கு ஒரு பலகை தூளாகிறது. பேண்ட்சா பிளேடு இழுவிசையால் விறைப்பாக நிற்பதால் மெல்லிதாக இருந்தாலே போதும். அறுப்பின் அகலம் எட்டில் ஒரு அங்குலம் அளவுக்கு இறங்கினால், எட்டுப் பலகைக்கு ஒரு பலகைதான் நஷ்டம். ஒரு மில் வருடம் முழுக்க அறுக்கும் மரத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

1860களின் கடைசியில் இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வேன் நகரில் ஜேக்கப் ஹாஃப்மன் என்பவர் பெருந்தடிகளை அறுக்கும் பேண்ட்சாவில் இறங்கினார். நூற்றாண்டு முடிவதற்குள் பெரிய மில்களில் ஆள் உயரத்தை மிஞ்சிய சக்கரங்களோடு பேண்ட்சாக்கள் நின்றன. ஏன் அவ்வளவு பெரிய சக்கரம்? அதே ஆயிரத்தில் ஒரு பங்கு விதிதான். தடிக்கேற்ற கனத்தில் பிளேடு, பிளேடுக்கேற்ற விட்டத்தில் சக்கரம்.

அடுத்த திருப்பம் 1930களில். லேய்டன் வில்கி என்ற அமெரிக்கர் உலோகத்தை வளைவாக அறுக்கும் பேண்ட்சாவைக் கொண்டுவந்தார். அவர் தொடங்கிய டூஆல் நிறுவனத்தின் மெஷின்களில் பிளேடு ஒட்டும் கருவியை மெஷின் உடம்பிலேயே பொருத்தினார்கள். ஒரு தகட்டின் நடுவில் ஓட்டை மட்டும் அறுக்கணும் என்றால், துளை போட்டு, பிளேடை வெட்டி, துளை வழியே நுழைத்து, அங்கேயே மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். பாருங்கள், 90 வருடம் கழித்தும் கதை ஒட்டைச் சுற்றியேதான் நடக்கிறது.

அதே 1930களில்தான் மில்வாக்கியின் டெல்டா கம்பெனி 14 அங்குலச் சிறிய பேண்ட்சாவை வீட்டுப் பட்டறைக்காரர்களுக்குக் கொண்டுபோனது. வார்ப்பிரும்பு உடம்பு, கீழே மோட்டார், மேலே இறுக்கும் திருகு. பிறகு தைவானில் அதே அமைப்பில் ஏராளமாக நகல் செய்தார்கள். இன்று எந்தக் கடையில் 14 அங்குல மெஷினைப் பார்த்தாலும் பெரும்பாலும் அந்த வம்சம்தான்.

சட்டம் யாரை மனதில் வைத்திருந்தது

மெஷின் பரவினால் விரல்களும் போகும். பிரிட்டனில் 1922-ல் மரவேலை இயந்திரங்களுக்கென்று தனி விதிமுறைகள் வந்தன. அதில் பேண்ட்சாவுக்குச் சொன்னது தெளிவானது: கீழ்ச்சக்கரத்தை இரு பக்கமும் மூடு, மேல்சக்கரத்தின் முன்பக்கத்தை மூடு, அறுப்பதற்குத் தேவையான இடைவெளி தவிரப் பிளேடின் மற்ற எல்லாப் பகுதியையும் மூடு. சுதந்திர இந்தியாவின் 1948 தொழிற்சாலைச் சட்டம் இதே பாதையில் போனது. அதன் 21-வது பிரிவு இயந்திரங்களுக்குக் காப்பு போடச் சொன்னது. ஓடும் இயந்திரத்தின் பக்கத்தில் போகிறவர் இறுக்கமான உடை அணிந்த, பயிற்சி பெற்றவராக இருக்கணும் என்றது 22-வது பிரிவு.

இந்தச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு படம் இருக்கிறது. ஒரு முதலாளி; அவருக்குப் பொறுப்பு. ஒரு தொழிலாளி, தினமும் அதே மெஷினில் நிற்பவர். அந்த மெஷினின் சத்தம் மாறினால் அவருக்குத் தெரியும். எப்போதாவது ஒரு இன்ஸ்பெக்டர் வருவார்.

பொதுப் பட்டறையில் இந்த மூவருமே கிடையாது. முதலாளி இல்லை, உறுப்பினர்கள்தான். தினமும் நிற்கும் ஆள் இல்லை. சனிக்கிழமை ஒருவர், ஞாயிற்றுக்கிழமை இன்னொருவர். இன்ஸ்பெக்டர் வரப்போவதில்லை.

இது நமக்கு மட்டும் புதிதில்லை. 1990களில் ஆஸ்திரேலியாவில் வயதான ஆண்களுக்காகப் பொதுப் பட்டறைகள் தோன்றின. புனே பக்கம் பாபல் கிராமத்தில், கல்பாக் அவர்கள் 1983-ல் தொடங்கிய விஞ்ஞான் ஆசிரமத்தில், 2002-ல் எம்ஐடி-யோடு சேர்ந்து ஒரு ஃபேப் லேப் வந்தது. கலிஃபோர்னியாவில் 2006-ல் தொடங்கிய டெக்‌ஷாப், காசு கட்டினால் யாரும் வந்து மெஷின் ஓட்டலாம் என்ற முறையை வியாபாரமாகவே நடத்தி, 2017 நவம்பரில் மூடியது. அங்கே முக்கியமான மெஷின்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு முடித்தால்தான் கை வைக்க முடியும். நல்ல ஏற்பாடு. ஆனால் வகுப்பு ஒரு ஆளைத் தயார் செய்கிறது. அந்த ஆளுக்கு முன்னால் அதே மெஷினை ஓட்டியவர் அதை எந்த நிலையில் விட்டுப்போனார் என்பதை வகுப்பு சொல்லாது.

தெரிந்த பிளேடு, நிற்காத மெஷின்

1987 மே மாதம், வடக்கு கலிஃபோர்னியாவில் குளோவர்டேல் என்ற ஊரின் மரமில்லில் ஒரு விபத்து நடந்தது. காடு அழிப்பை எதிர்த்தவர்கள் சிலர் மரங்களில் நீளமான ஆணிகளை அடித்துவைக்கும் காலம் அது. அப்படி ஆணி பாய்ந்த ஒரு தடி பேண்ட்சாவில் ஏறியது. பிளேடு சிதறியது. மெஷினருகே நின்ற 23 வயது தொழிலாளியின் தாடை உடைந்து, பற்கள் போய், உயிர் பிழைத்ததே பெரிய விஷயம்.

ஆணியை யார் அடித்தது என்பதைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அந்தத் தொழிலாளி பின்னாளில் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. பிளேடு தேய்ந்து தள்ளாட ஆரம்பித்திருந்ததாம். அதைச் சொல்லியும் மாற்று பிளேடு வரவில்லையாம். அன்றைக்கு வேலைக்குப் போகவே அவருக்கு மனம் இல்லை.

ஆணி ஒரு காரணம். பிளேடு சரியில்லை என்று ஒருவருக்குத் தெரிந்தும் அந்தத் தகவலால் மெஷின் நிற்கவில்லை என்பது இன்னொரு காரணம். எனக்குத் தெரிந்த ஒரு நண்பருக்கு வேறொரு ஊரின் பொதுப் பட்டறையில் ஆள்காட்டி விரலின் நுனி போனது. அவருக்கு முன்னால் ஓட்டியவர் கனமான கட்டை அறுப்பதற்காக மேல் கைடை உச்சிக்கு ஏற்றிவிட்டு அப்படியே போய்விட்டார். நண்பர் அரை அங்குலப் பலகையோடு வந்து ஸ்விட்சைப் போட்டார். அறுப்புக்குத் தேவை அரை அங்குலம். திறந்து ஓடியது ஆறு அங்குல பிளேடு. இருவருமே பயிற்சி பெற்றவர்கள்தான். அந்த மரவாடிப் பெரியவர் சொன்னது போலத்தான் இதுவும். விட்டது ஆள் அல்ல. ஓர் ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் இருந்த இடம்.

வாங்கும்போது

இந்த வரலாற்றையெல்லாம் வைத்து எங்கள் குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பின் சாரம் இது.

பேண்ட்சாவையே முதலில் வாங்கலாம் என்று சொன்னேன். மேசை வட்ட ரம்பத்தில் பின்பக்கப் பற்கள் மேலெழும்பி வருவதால் கட்டையைத் தூக்கி நம்மேல் எறியும் ஆபத்து உண்டு. பேண்ட்சாவில் பற்கள் எப்போதும் கீழ்நோக்கி மேசையில் அழுத்துவதால் அந்த எறிதல் இல்லை. சத்தமும் குறைவு. ஆனால் இதைச் சாது மெஷின் என்று யாரும் நினைக்க வேண்டாம். இறைச்சிக் கடைகளில் எலும்பை அறுப்பதற்கும் இதே அமைப்புள்ள மெஷினைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பழைய மெஷின் என்றால்: மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மேல்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஆட்டம், கரகரப்பு இருக்கக்கூடாது. சக்கரத்தின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றும் செலவைப் பேரத்தில் கழியுங்கள். மேல் கைடின் தண்டை உச்சியிலிருந்து மேசைவரை இறக்குங்கள். எல்லா உயரத்திலும் அது பிளேடுக்கு நேராகவே இருக்கணும். சக்கர மூடிகள் இரண்டும் இருக்கணும். "மூடி எங்கேயோ கிடக்குது, அப்புறம் தர்றேன்" என்று விற்பவர் சொன்னால், 1922-லேயே கட்டாயமான ஒரு பாகம் இல்லாத மெஷினைத் தருகிறார் என்று அர்த்தம்.

ஸ்விட்ச் மிக முக்கியம். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் மெஷின் தானாக ஓடக்கூடாது. பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடணும். நம் ஊரில் கரண்ட் போனதும் "சரி, டீ குடிச்சிட்டு வரலாம்" என்று போவோம். திரும்பி வருவதற்குள் இன்னொருவர் பிளேடருகே கை வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருப்பார். சாதாரண ஸ்விட்ச் உள்ள மெஷின் வந்தால் முதல் செலவு அதை மாற்றுவதுதான்.

பட்ஜெட்டில் பிளேடுக்குத் தனித் தொகை ஒதுக்குங்கள். மெஷின் ஒருமுறை வாங்குவது, பிளேடு தீர்ந்துகொண்டே இருப்பது. பிளேடுக்குக் காசு இல்லாத பட்டறையில் மழுங்கிய பிளேடு ஓடும். மழுங்கிய பிளேடை அழுத்தித் தள்ளித்தான் ஆகணும். அறுப்பு முடியும் நொடியில் அந்த அழுத்தத்தோடு கை முன்னே பாயும். அகலத்தில் இரண்டு வகையாவது வேண்டும்: கால் அங்குல பிளேடு சுமார் 16 மில்லிமீட்டர் ஆரம் வரை வளைவு அறுக்கும், அரை அங்குல பிளேடுக்கு 63 மில்லிமீட்டராவது வேண்டும், ஆனால் நேர் அறுப்புக்கு அதுதான் நல்லது. எந்தப் பலகையானாலும் குறைந்தது மூன்று பற்கள் மரத்துக்குள் இருக்கும்படி பல் அளவைத் தேர்ந்தெடுக்கணும்.

ஓட்டும்போது

பிளேடுக்கு நேராக விரல் வரவே கூடாது. பிளேடை நெருங்கும்போது தள்ளுகுச்சியால் தள்ளுங்கள். மேல் கைடு பலகைக்கு 5 மில்லிமீட்டர் மேலே நிற்கணும். பலகை மாறினால் கைடும் மாறணும். ஓட்டும்போது கையுறை வேண்டாம். பிளேடைச் சுருட்டும்போது கட்டாயம் வேண்டும். தொங்கும் துண்டு, தளர்ந்த கை, அவிழ்ந்த முடி, கழுத்தில் ஆபீஸ் ஐடி கார்டு எதுவும் கூடாது. கடைசியாகச் சொன்னது எங்களைப் போன்றவர்களுக்காக.

உருண்டைக் கட்டையை வெறும் கையால் பிடித்து அறுக்காதீர்கள். பல் பட்டதும் அது உருண்டு கையை இழுத்துக்கொள்ளும். நடுவில் பள்ளம் வெட்டிய தாங்குகட்டையில் வைத்து அறுங்கள். வளைவில் மாட்டிக்கொண்டால் ஓடும் பிளேடோடு பலகையைப் பின்னுக்கு இழுக்காதீர்கள், பிளேடு சக்கரத்திலிருந்து கழன்று வரும். மெஷினை நிறுத்தி, பிளேடு நின்ற பிறகு எடுங்கள். நிறுத்திய பிறகும் பிளேடு சில நொடிகள் சத்தமில்லாமல் ஓடும் என்பது நினைவிருக்கட்டும்.

பழைய கதவு, நிலை, பேலட் மரம் எதுவானாலும் காந்தம் வைத்து ஆணி தேடிய பிறகே மேசையில் ஏற்றணும். குளோவர்டேலின் பாடம் அது. மரத்துக்கான மெஷினில் இரும்பு அறுக்கக்கூடாது. இரும்புக்கு வேகம் மரத்தின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கணும். தவிர, பொறி பறந்து அடியில் குவிந்த மரத்தூளில் விழுந்தால் ஷெட்டே எரியும். முகக்கவசமும் அவசியம், மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்தியிருக்கிறது.

நடுவில் இருக்கும் இடம்

மேலே சொன்னதெல்லாம் தனி ஆளுக்கானது. பொதுப் பட்டறைக்கென்று நாங்கள் சேர்த்துக்கொண்டது மூன்றே மூன்று.

முதலாவது, மெஷின் எப்போதும் ஒரே நிலையில் ஓய்வெடுக்கும். வேலை முடிந்ததும் கைடை மேசைவரை இறக்கி, பிளேடை மறைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் போகணும். அடுத்து வருபவர் கைடை ஏற்றாமல் ஒரு குச்சியைக்கூட அறுக்க முடியாது. ஏற்றும்போது தன் பலகைக்கு ஏற்றபடிதான் ஏற்றுவார்.

இரண்டாவது, பிளேடின் இழுவிசை. சிலர் வேலை முடிந்ததும் பிளேடைத் தளர்த்துவார்கள், சிலர் அப்படியே விடுவார்கள். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் ஒருவர் தளர்த்தியது அடுத்தவருக்குத் தெரியாவிட்டால், ஸ்விட்ச் போட்ட நொடியில் பிளேடு சக்கரத்தை விட்டு இறங்கும். எனவே தளர்த்துபவர் பிளக்கில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டணும். இறுக்கி, கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தவர்தான் அட்டையை எடுக்கலாம். பிளேடு மாற்றினாலும் இதே அட்டைதான்.

மூன்றாவது, ஒரு நோட்டு. தேதி, பெயர், பிளேடில் பார்த்தது. "ஒட்டு கைடில் டிக் டிக்னு தட்டுது" என்று ஒரு வரி போதும். அப்படி ஒரு வரி வந்தால், யார் அதைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போடுகிறாரோ அவர் வரும்வரை மெஷின் ஓடாது. கல்லூரி முதல் வருடப் பையன் எழுதினாலும் சரி, 40 வருட அனுபவம் உள்ளவர் எழுதினாலும் சரி, விதி ஒன்றுதான். எங்களுக்குள் அதிகம் விவாதம் நடந்ததும் இதில்தான். "சின்னப் பசங்க சும்மா எழுதி வச்சா வேலை நின்னுடுமே தம்பி" என்றார் ஒரு பெரியவர். "நிக்கட்டுமுங்கய்யா. பிளேடைத் திறந்து பாக்க பத்து நிமிஷம்தானுங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நோட்டைத் தொங்கவிடும் ஆணியை அவரே அடித்துக் கொடுத்தார்.